பதுளையில் கேட்ட கடல்

என் கணவர் ஹுமைத்துக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது டொக்டர் ஒரு பட்டியலே சொன்னார். படியேறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது, கொஞ்ச நாளைக்குக் கடைப்பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. பதுளை பஜாரில் எங்கள் மின்சாமான் கடையை அவருடைய தம்பி பார்த்துக்கொண்டார். அதெல்லாம் சரி. வீட்டில் இந்த மனிதரை யார் பார்த்துக்கொள்வது என்று டொக்டர் சொல்லவில்லை.

காலையில் எழுந்தால் ஹோலுக்கும் குசினிக்கும் நடப்பார். சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார். ஜன்னலால் எட்டி, தெருவில் யார் போனாலும் எங்கே போகிறார்கள் என்று என்னிடம் கேட்பார். நான் ஓடருக்கு அபாயா தைக்கிறவள். மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, என் நூல்கட்டைகளை நிறம் நிறமாக அடுக்குவார். அவர் அடுக்கிய பிறகு எனக்கு ஒரு நூலும் கிடைக்காது.

"அல்லாஹ்வுக்காக ஒரு வேலைய தேடிக்கொள்ளுங்களேன்" என்றேன் ஒருநாள், பொறுக்க முடியாமல்.

அவரும் தேடிக்கொண்டார். தபாலில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே பென்டிரைவ் அளவுக்கு ஒரு சாமான். கொம்பியூட்டரில் செருகி, அதற்கான மென்பொருளைப் போட்டால் கொம்பியூட்டரே ரேடியோவாகிவிடுமாம். யூடியூபில் பார்த்திருக்கிறார். சாதாரண ரேடியோவில் கேட்காததெல்லாம் இதில் கேட்குமாம். ப்ளேன் ஓட்டுகிறவர் பேசுவது, கப்பலில் பேசுவது, எல்லாம்.

ரேடியோ, பேசுவது என்ற இரண்டு சொற்களும் காதில் விழுந்ததுமே கையிலிருந்த கத்திரிக்கோலை வைத்துவிட்டேன்.

"இத திருப்பி அனுப்புங்க."

"மர்லியா, இது பேசுற சாமான் இல்ல. கேக்குற சாமான் மட்டும்தான். இதால ஒரு சொல்லு வெளிய போகாது."

"அத, பொலிஸ் ஜீப்புல ஏத்தினத்துக்குப் பொறகு அவங்களுக்குச் சொல்லுங்க."

நான் யாரை நினைத்துச் சொன்னேன் என்று அவருக்குத் தெரியும். ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த வருஷம் எங்கள் ஆட்களின் வீடு வீடாகச் சோதனை நடந்தபோது, என் கூடப்பிறந்த நானா முஸ்தாக்கின் அரிசிக் கடையில் ஒரு சோடி வோக்கி டோக்கி இருந்தது. முன்னால் நிற்கிறவர் பின்னால் ஸ்டோரில் நிற்கிறவரிடம் "இன்னும் ரெண்டு மூட்டை" என்று சொல்ல வாங்கியது, வேறொன்றுக்கும் இல்லை. அதையும் எடுத்துக்கொண்டு நானாவையும் எடுத்துக்கொண்டு போனார்கள். யாரோடு பேசினாய் என்று கேட்டார்களாம். ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவரோடு என்றாராம். அதை நம்ப யாரும் தயாராக இல்லை. நோன்புப் பெருநாளும் போய், ஹஜ்ஜுப் பெருநாளும் போய், வழக்கு ஒன்றும் போடாமலே விட்டார்கள்.

திரும்பி வந்தவர் பழைய நானா இல்லை. கடையை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போனார். பந்திக்குப் பந்தி சிரிக்கவைத்த மனிதர், இப்போது போனில் நாலு சொல்லோடு நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு யார் எங்கள் கதவைத் தட்டினாலும் நான் முதலில் ஜன்னலால் பார்ப்பேன். மீட்டர் வாசிக்க வருகிறவருக்கும் அப்படித்தான்.

ஆனாலும் ஹுமைத்தின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சும்மா இருந்தார். நடக்கவுமில்லை, சட்டி மூடியைத் திறக்கவுமில்லை. அதற்கு அவர் நடந்துகொண்டிருப்பதே மேல் என்று தோன்றியது. "சரி, கேட்டுட்டு மூடி வைங்க" என்றேன்.

மகள் றுஷ்தா பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது விட்டுச்சென்ற பழைய லெப்டொப் ஒன்று இருந்தது. அதில்தான் தொடங்கினார். சாமானைச் செருகியதும் கொம்பியூட்டர் அதை டீவி பார்க்கிற கருவி என்று நினைத்து, தனக்குத் தெரிந்த டிரைவரைப் போட்டுவிடுமாம். அதைத் தூக்கிவிட்டு வேறு டிரைவர் போடவேண்டும். அதற்கென்றே ஒரு குட்டி மென்பொருள். அதைத் திறந்தால் லெப்டொப்பில் இருக்கிற சாமான்களின் பெயரெல்லாம் வரிசையாக வரும். சரியான பெயரைத் தெரிவுசெய்து பட்டனை அழுத்தவேண்டும். என் அவசரக்காரர் மவுஸைத் தெரிவுசெய்து அழுத்திவிட்டார். திரையில் அம்பு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

மவுஸை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். முகம் சிவந்தது. கோபப்படக்கூடாது என்று டொக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

"எழும்புங்க" என்று அவரைத் தள்ளிவிட்டு நான் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் டைப் அடித்தவள் நான். மவுஸ் இல்லாமல் வெறும் கீபோர்டால் போய், தப்பாகப் போட்ட டிரைவரை அழித்து, மவுஸைக் கழற்றித் திரும்பச் செருகினேன். அம்புக்கு உயிர் வந்தது. பிறகு அவர் போனில் பார்த்துப் பார்த்துச் சொல்ல, சரியான பெயரைத் தேடி அழுத்தினேன். ரேடியோ மென்பொருளைத் திறந்தால் கருவி இல்லை என்றது. வேறு ஓட்டையில் செருகிப் பார்த்தேன். அப்போதும் இல்லை என்றது. லெப்டொப்பை மூடித் திறந்தபின் ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல் கேட்டது. ஹுமைத் கைதட்டினார்.

திரையில் நீலநிறம் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கே ஒலி இருக்கிறதோ அங்கே மஞ்சள் கோடு விழும். அதற்குப் பெயர் நீர்வீழ்ச்சியாம். துன்ஹிந்தை அருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிற எங்களிடம் இதை நீர்வீழ்ச்சி என்றால் சிரிப்புத்தான் வரும்.

தூரத்துக் குரல்கள் வேண்டுமானால் நீளமான வயர் கட்டவேண்டும் என்றார் அடுத்த நாள். பின்பக்க ஜன்னலிலிருந்து பலாமரம் வரைக்கும், வெட்டவெளியில், தெருவுக்கெல்லாம் தெரிகிற மாதிரி. நான் ஏலாது என்றேன். அவர் கெஞ்சினார். கடைசியில் எனக்கே ஒரு யோசனை வந்தது. வயரைக் கட்டி, அதில் துணி காயப்போட்டேன். பார்க்கிறவர்களுக்கு அது துணிக்கொடிதானே. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

துணி இல்லாவிட்டால் வயர் தெரிந்துவிடும் என்று, துணியை எடுப்பதே இல்லை. காய்ந்தாலும் தொங்கும், நனைந்தாலும் தொங்கும். பதுளை மழை சொல்லிவிட்டா வரும்? மூன்று பெட்ஷீட்டும் என் பழைய கவுனும் ஒரு கிழமையாக நனைந்து நனைந்து பாசி மணம் வீசத் தொடங்கின. பக்கத்து வீட்டு விமலா அக்கா, கணவருக்குச் சுகமில்லாததால் நான் மனமுடைந்து கிடக்கிறேன் என்று நினைத்து, ஒரு கோப்பையில் பலாக்காய்க் கறி கொண்டுவந்தார். "துணியைக்கூட எடுக்க முடியாமல் இருக்கிறாயே மகள்" என்று சிங்களத்தில் சொல்லி என் தலையைத் தடவினார். வாங்கிச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய?

வயர் கட்டிய பிறகு இரைச்சலுக்குள்ளே வாத்துக் கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. மவுஸின் நடுவிலுள்ள உருட்டுச் சில்லை நூலளவு நூலளவாகத் திருப்பினால், வாத்து மெல்ல மெல்ல மனிதனானது. ஆழ்கடலில் மீன் பிடிக்கிறவர்கள். தெற்குக் கரைச் சிங்களம். எங்கேயோ அரபிக்கடலில், கரையே தெரியாத இடத்தில் நின்றுகொண்டு, படகுக்குப் படகு பேசிக்கொள்கிறார்கள். ஐஸ் முடிந்துவிட்டது என்றான் ஒருவன். கெலவல்லா மீனுக்கு விலை இல்லையாம் என்றான் இன்னொருவன். மூன்றாமவன் தன் மாமியாரைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

கடலைக் காண நாலு மணித்தியாலம் பஸ்ஸில் போகவேண்டிய ஊர் எங்களுடையது. அந்த அறைக்குள் கடல் வந்துவிட்டது. நான் மிஷினை மிதித்தால் திரை முழுக்கக் கோடு கோடாக விழுந்து குரல்கள் மறைந்துவிடும். "கொஞ்சம் நிப்பாட்டேன்" என்பார் ஹுமைத். முதலில் சண்டை பிடித்தேன். பிறகு அவர் கேட்காமலே நிறுத்தினேன். ஓடர்கள் பிந்தின. ஜீப் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காதும், கடலுக்கு ஒரு காதுமாக இருந்தேன்.

அன்று காலை ஹுமைத் குளிக்கப் போயிருந்தார். மிஷினில் கறுத்த அபாயாத் துணி விரித்தபடி கிடந்தது. கையில் அளவு போடும் சோக்கு. லெப்டொப்பில் ஒரு வயதான குரல் தன் படகின் பெயரைச் சொல்லிக் கரையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டது. என்ஜின் அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது, பம்ப் வேலை செய்யவில்லை, நாலு பேர் இருக்கிறோம், பெட்டரி இறங்குகிறது. பிறகு நிற்கிற இடத்தின் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி, நிதானமாக. அந்த நிதானம்தான் என்னைக் கலக்கியது.

எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. சோக்கால் அபாயாத் துணியிலேயே எழுதினேன்.

ஹுமைத் தலை துவட்டாமல் ஓடிவந்தார். இருவரும் காத்திருந்தோம், யாராவது பதில் சொல்வார்கள் என்று. ஒருவரும் சொல்லவில்லை.

"கரைக்காரங்களுக்குக் கேக்கலயா? பதுளைக்குக் கேக்குது!"

"இந்த அலை வானத்துல பட்டு வாரது, மர்லியா. கிட்டத்துல இரிக்கிறவங்களுக்கு மேலால தாண்டிப்போயிரும். சிலநேரம் நமக்கு மட்டும்தான் விழும்." அவர் போனை எடுத்தார். "மீன்பிடிக்காரங்கட அவசர நம்பர் இரிக்கு. நான் எடுக்கிறேன்."

நான் போனைப் பறித்தேன்.

"பேரு கேப்பாங்க. எப்பிடிக் கேட்டீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லப்போறீங்க? ஹுமைத், பதுளை, வீட்டுல ரேடியோ வெச்சிரிக்கேன்னா? ஒங்கள ஜீப்புல ஏத்தினா ஒங்க நெஞ்சு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தாங்காது."

"அப்ப அவங்க சாகட்டுமா?"

லெப்டொப்பில் அந்தக் குரல் திரும்பவும் இலக்கங்களைச் சொல்லத் தொடங்கியது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே கட்டாருக்குக் கோல் எடுத்தேன். நானா வேலையில் இருந்தார். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். ரேடியோ, வயர், படகு, பயம், எல்லாம்.

"படகுல எத்தன பேர்?" என்றார்.

"நாலு பேர், நானா."

"பொறகென்னத்துக்கு எனக்கு எடுத்தீக்கிறாய்?"

வைத்துவிட்டார்.

அவசர இலக்கத்துக்கு நான்தான் பேசினேன். படகின் பெயர், இலக்கங்கள், தண்ணீர், பம்ப், நாலு பேர். மறுமுனையில் இருந்தவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதினார். பெயர் கேட்டார். மர்லியா என்றேன். அடையாள அட்டை இலக்கம், விலாசம். ரேடியோ யாருடையது என்று கேட்டார்.

"என்னுடையது" என்றேன். ஹுமைத் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மத்தியானச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜீப் வந்தது. எங்கள் ஒழுங்கைக்குள் அது நுழைய முடியாமல் முன்னும் பின்னும் போன சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஒரு இன்ஸ்பெக்டரும் ஒரு கொன்ஸ்டபிளும். இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். சப்பாத்தை வாசலில் கழற்றினார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இதை ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

காட்டினேன். மென்பொருளைத் திறந்து, படகு பேசிய அலைவரிசையில் கொண்டுபோய் வைத்தேன். இரைச்சல் மட்டும்தான். அந்தக் குரல் இல்லை. பெட்டரி இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் வேறு ஏதாவது ஆகியிருக்கும். அதை நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சில்லை இப்படியும் அப்படியும் திருப்பினேன். நான் பொய்க்காரி போல அவர்கள் முன்னால் இருந்தேன்.

"எதற்காக இதைக் கேட்கிறீர்கள்?"

"வீட்டுல சும்மா இருக்க ஏலாம" என்று என் சிங்களத்தில் சொன்னேன். உண்மை அதுதான். சொல்லிப் பார்த்தபோது எனக்கே நம்பமுடியாமல் இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஜன்னலால் வயரைப் பின்தொடர்ந்து பலாமரம் வரைக்கும் பார்த்தார். நனைந்த பெட்ஷீட்டுகளைப் பார்த்தார். என் பழைய கவுனைப் பார்த்தார்.

"ஏன் துணி போட்டு மறைத்திருக்கிறீர்கள்?"

என் கெட்டித்தனமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கவிழ்ந்துவிட்டது. மறைக்காமல் விட்டிருந்தால் அது வெறும் வயர். மறைத்ததால்தான் அது குற்றம். ஹுமைத் எழும்பப் பார்த்தார். நான் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தேன்.

"பயத்தில்" என்றேன்.

"யாருக்குப் பயந்து?"

"உங்களுக்கு."

கொன்ஸ்டபிள் நிலத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அதை எழுதினார். லெப்டொப்பையும் அந்தச் சின்னச் சாமானையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனார்கள். பார்த்துவிட்டுத் தருவார்களாம். சோக்கால் எழுதியிருந்த அபாயாத் துணியையும் கேட்டார்கள். அது பண்டாரவளையில் ஒரு டீச்சரின் துணி. அதையும் கொடுத்தேன்.

அன்று முழுக்க இரண்டு பேரும் நடந்தோம். அவர் ஹோலுக்கு வந்தால் நான் குசினிக்கு, நான் ஹோலுக்கு வந்தால் அவர் குசினிக்கு. செய்தியில் ஒன்றும் இல்லை. அவசர இலக்கத்துக்கு எடுத்தால், தகவல் கிடைத்ததும் அறிவிப்போம் என்று ஒரு பெண் சொன்னாள். அந்தப் படகு மிதக்கிறதா இல்லையா என்று அறிய இந்த ஊரில் ஒரே ஒரு காது இருந்தது. அதை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை தெரியாத இலக்கத்திலிருந்து கோல் வந்தது. பெண் குரல், தெற்குச் சிங்களம். பெயர் ஸ்ரீயாணி என்றாள். முந்தின இரவு அவசர இலக்கத்தில் யாரோ இரங்கி என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, படகில் இருப்பது என் அப்பா. நீங்கள்தான் கேட்டீர்களாம். இப்பவும் பேசுகிறாரா?"

நான் என்ன சொல்வேன்?

"போனை ரேடியோவுக்குக் கிட்ட வைங்க அக்கா. ஒரு தடவை கேட்டால் போதும். இரைச்சலாக இருந்தாலும் பரவாயில்லை."

ரேடியோ இங்கே இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல நாக்கு வரவில்லை. "மகள், கட் பண்ணாதீங்க. அப்படியே இருங்க" என்றேன். செருப்பை மாட்டினேன்.

"எங்க போறாய்?" என்றார் ஹுமைத்.

"பொலிசுக்கு."

"நானும் வாறேன்."

"அங்க படி இரிக்கு. நீங்க வீட்டுல இரிங்க."

த்ரீவீலரில் ஏறி, போனைக் காதிலேயே வைத்திருந்தேன். மறுமுனையில் அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. நானாவுக்காக உம்மாவோடு சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு இந்தப் பொலிஸ் படிகளில் எத்தனை தடவை ஏறியிருக்கிறேன். அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, சேர் சேர் என்று சொல்லிக்கொண்டு ஏறியவள். அன்று விறுவிறுவென்று ஏறினேன்.

அந்த இன்ஸ்பெக்டர் மேசையில் இருந்தார்.

"என் ரேடியோ வேணும்" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஆ, நீங்களா. உட்காருங்க. இன்றைக்குக் கூப்பிடத்தான் இருந்தேன், ஒரு கையெழுத்து வைக்கணும்." ஒரு ஃபைலைத் தேடினார். "நீங்க சொன்ன இடம் சரி. விடியக்காலையே படகு கிடைத்துவிட்டது. வேறொரு படகு கட்டி இழுத்து வருகிறதாம். நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்."

போனை உள்ளங்கையால் மூடியிருந்தேன், அவளுக்குக் கேட்டிருக்காது.

"இதை யாருக்குச் சொன்னீங்க?"

"மேலே ரிப்போர்ட் போயிருக்கு."

"அவர்களுடைய வீட்டுக்கு?"

அவர் ஃபைலைப் புரட்டுவதை நிறுத்தினார். "அது அந்தப் பக்கத்துப் பொலிஸ் சொல்லியிருக்கும்."

"சொல்லவில்லை" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "லைனில் அந்த மனிதரின் மகள். நீங்களே சொல்லுங்க."

அவர் போனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் கையை மடக்கவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏனோ தெரியாது, கதிரையை விட்டு எழுந்து நின்றார்.

"தங்கச்சி, நான் பதுளை பொலிசிலிருந்து பேசுகிறேன். அப்பா நல்லாயிருக்கிறார்" என்றார்.

போனுக்குள் அவள் கத்தியது எதிரே நின்ற எனக்கே கேட்டது. இன்ஸ்பெக்டர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ஆமாம் தங்கச்சி. உண்மையாகத்தான். ஆமாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். நான் அவருடைய மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அத்தனை பொலிஸ்காரர்களுக்கும் முன்னால், சத்தம் போட்டு அழுதேன். நானாவுக்காக வந்த நாளில்கூட அங்கே நான் ஒரு சொட்டு அழுததில்லை.